முக்கோணம் போட்ட அட்டைகள்

நான் கோபக்காரன். இராஜபாளையத்தில் டவுன் பஸ் கண்டக்டரிடம் "கத்துற டாக்டர் வீடு" என்று சொன்னால் போதும், சரியான நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். அது வீடு அல்ல, கிளினிக். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மாட வீதிக்குப் பின்னால் இருந்தது. தினமும் காலையில் ஸ்கூட்டரில் இராஜபாளையம் வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன். வாயில் வெற்றிலையோடு வந்து நாக்கை நீட்டுபவரிடம் கத்துவேன். மூன்று நாள் மாத்திரையை ஒரே நாளில் முடித்துவிட்டு வருபவரிடம் கத்துவேன். அப்படியும் வாசல் நிறையக் கூட்டம். கத்தினாலும் கைராசிக்காரர் என்று ஊரில் பேர். அந்தக் கைராசி என்ற சொல்லை இப்போது யார் சொன்னாலும் எழுந்து போய்விடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளினிக் திறந்தபோது நோயாளிகளுக்கெல்லாம் மஞ்சள் அட்டை போட்டேன். ஆளுக்கு ஓர் அட்டை. செருப்புக் கடையில் வாங்கிய காலிப் பெட்டிகளில் அவற்றைத் தெருவாரியாக அடுக்கி வைத்திருந்தவர் என் கம்பவுண்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரே அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். எந்த முகத்துக்கு எந்த அட்டை என்று அவருக்குத் தெரியும். ஆள் செருப்பைக் கழற்றும்போதே அட்டை என் மேசைக்கு வந்துவிடும்.

அட்டையின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் நான் சில குறிகள் போடுவேன். வட்டம் போட்டிருந்தால் இதய நோயாளி, இவரிடம் கத்தக்கூடாது. குறுக்குக் கோடு என்றால் இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது. முக்கோணம் என்றால் மில் ஆள்.

மில் ஆள் என்பதற்கு எதற்குத் தனிக் குறி என்று கேட்கலாம். ஊரின் நூல் மில்களுக்குச் சொந்த டிஸ்பென்சரி இருந்தது. அங்கே போனால் மருந்து சும்மா கிடைக்கும். ஆனால் என்ன நோய் என்ற சீட்டு ஆபீசுக்கும் போகும். இருமல், மூச்சு வாங்குதல் என்று இரண்டு சீட்டு போனால் மூன்றாவது சீட்டுக்கு ஆள் இருக்கமாட்டான். அதனால் பஞ்சுத் தூசி பறக்கும் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தவர்கள் கைக்காசைச் செலவழித்து என்னிடம் வந்தார்கள். ஷிஃப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார்கள். உட்கார்ந்ததும் முதலில் சொல்வது நோயை அல்ல.

"டாக்டரய்யா, மில்லுக்குத் தெரிஞ்சிரக் கூடாது."

"நான் எதுக்குய்யா சொல்லப்போறேன்? மூச்சை இழு" என்று கத்திக்கொண்டே முக்கோணம் போடுவேன். அவர்கள் அதைப் பார்ப்பார்கள். நான் முக்கோணம் போட்டேன் என்றால் வாக்குக் கொடுத்தேன் என்று அர்த்தம். யாரும் அதைச் சொல்லி வைக்கவில்லை, தானாகவே அப்படி ஆகிப்போனது.

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கார்டிங்கில் பதினான்கு வருடமாகப் பதிலி, பாயும் நானும் அவரைக் கார்டிங்காரர் என்போம். நிரந்தர ஆள் வராத நாளில் அந்த இடத்தில் நிற்பவர். அடுத்த பட்டியலில் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். ஒல்லியான ஆள், வாய் மட்டும் ஓயாது. என் கத்தலுக்குப் பயப்படாத நோயாளிகள் இரண்டு மூன்று பேர்தான். அதில் இவர் ஒருவர்.

"என்னய்யா உனக்கு மறுபடியும்?"

"நெஞ்சுக்குக் கோவம் டாக்டரய்யா. வாரத்துல ஒரு நா லீவு விடுதாங்கள்ல, அன்னைக்குப் பஞ்சு கெடைக்கலன்னு கோவிச்சுக்கிட்டு மறுநா வேலைக்குப் போனதும் புடிச்சு அமுக்குது. ரெண்டு நா பஞ்சு தின்னுச்சுன்னா சமாதானமாயிருது."

நான் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினேன். பாயும் மருந்து கொடுக்கும் சன்னல் வழியாகச் சிரித்தார். அவர் சொன்னது வேடிக்கை இல்லை, ஒரு நோயின் முழு வரலாறு என்பது எனக்கு ஆறேழு வருடம் உறைக்கவே இல்லை. படித்தவன்தான். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி அதைப் பற்றி இருந்தது. பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போன பத்தி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கினேன். சுற்றுவட்டாரத்தில் டாக்டர்கள் யாரும் வாங்கியிருக்கவில்லை, அதனாலேயே வாங்கினேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. மதுரையிலிருந்து வேனில் வந்து இறங்கியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பக்கத்தில் கரகரவென்று கத்தும் பிரிண்டர். அதற்கென்று ஓர் அறையைத் தடுத்து, வாசலில் "செருப்பைக் கழற்றவும்" என்று எழுதி ஒட்டினேன். சரஸ்வதி பூஜைக்குப் பாய் ஒதுங்கி நிற்க, நானே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கூமாப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கதவுக்கு வெளியே நின்றபடி, "பெட்டி என்ன சொல்லுது சாமி, புள்ள பொழைச்சிருமா?" என்று கேட்டார். பிள்ளைக்குச் சாதாரண மஞ்சள் காமாலை. பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பொழைச்சிரும்" என்றேன். அப்படி ஒரு மிதப்பில் இருந்தேன்.

பிறகு மதியங்களில் அட்டைகளை ஏற்றும் வேலை. பாய் வாசிப்பார், நான் அடிப்பேன். பெயர், வயது, தெரு, தொழில், தேதி, நோய், மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்கு வெளியே எதுவும் போகாது.

"சார், இதுல வட்டம் போட்டிருக்கு. எங்க அடிப்பீக?"

"வட்டம் வேண்டாம். ஹார்ட்டுன்னு போட்டாச்சு."

"கோடு?"

"அதுக்குக் கட்டம் இருக்கு."

"முக்கோணம் சார்?"

நான் திரையைப் பார்த்தேன். முக்கோணத்துக்குக் கட்டம் இல்லை. "அதை விடுங்க பாய். அதான் தொழில்னு போட்டிருக்கோமே. மில், கார்டிங்."

"தொழிலு வேற, இது வேற சார்."

"அடுத்த அட்டையை எடுங்க பாய், கரண்ட் போயிரப்போகுது" என்று கத்தினேன். அவர் எடுத்தார். ஐந்து மாதம் அந்த வேலை நடந்தது. முடிந்ததும் அட்டைகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தச் சொன்னேன். பாய் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் நானே தீக்குச்சி கிழித்தேன்.

இயந்திரம் எனக்கு ஒரு காரியம் செய்து கொடுத்தது. அதை மறுக்க முடியாது. ஒருநாள் சும்மா, கார்டிங்காரரின் மில்லில் கார்டிங் ஆட்களை மட்டும் பிரித்து, அவர்கள் வந்த தேதிகளை வரிசையாகப் போடச் சொன்னேன். பிரிண்டர் கரகரத்து முடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த பழைய மாதக் காலண்டர்களோடு ஒப்பிட்டேன். அந்த மில்லுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. தாளில் வெள்ளி, வெள்ளி, வெள்ளி என்று வந்துகொண்டே இருந்தது. ஆள் மாறினாலும் கிழமை மாறவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நெஞ்சுக்குக் கோவம் என்று அவர் வருடக்கணக்கில் சொன்னதை, என் காது கேட்காததை, அந்தத் தாள் எனக்குச் சொன்னது. பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது. ஒருநாள் விலகியிருந்துவிட்டு மறுபடி தூசிக்குள் போகும் அன்று நெஞ்சு இறுகும். நாளாக ஆக எல்லா நாளும் இறுகும். அப்புறம் திரும்ப வழி கிடையாது.

"பாய், இங்க வாங்க. பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்கு வெள்ளிக்கிழம கூட்டம் சாஸ்தின்னு தெரியும் சார். தொழுகைக்குப் போக எம்புட்டு நேரமாவுதுன்னு எனக்குத்தான தெரியும்" என்றார்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். நான் கேட்டதில்லையே என்றார். அதுவும் சரிதான்.

அடுத்து நான் செய்ததை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எந்த விதத்தில் சொன்னாலும் அது நல்லதாக மாறவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே அந்த மில்லின் மேனேஜரைப் பார்க்கப் போனேன். முதலில் பெயர் இல்லாத தாள்தான் கொண்டுபோனேன். எத்தனை பேர், எந்தக் கிழமை என்று மட்டும். தூசியை உறிஞ்சும் விசிறி வையுங்கள், மூக்கில் கட்டத் துணி கொடுங்கள், நோய் முற்றியவர்களை வேறு பகுதிக்கு மாற்றுங்கள் என்று சொன்னேன். காபி வரவழைத்தார். மின்விசிறிக்கு அடியில், துளைத்துளையாக ஓரம் வைத்த அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். "டாக்டர், இந்த மாதிரி வேலை மெட்ராஸ்லகூட யாரும் செய்யலை. எங்க கிளப்புல வந்து நீங்க பேசணும்" என்றார்.

நான் குளிர்ந்துபோனேன்.

"மாத்தணும்னா யார் யாருன்னு தெரியணுமே, பேரில்லாம எப்படி மாத்துறது?" என்றார்.

கேட்டது நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே இரட்டைத்தாளில், நடுவில் கார்பன் வைத்து அடித்தேன். முப்பத்தொரு பெயர். பெயருக்கு நேரே பகுதி, வருடங்கள், நோய், வந்த தேதிகள். கீழே என் கையெழுத்து, முத்திரை. பதினேழாவதாக அவர் இருந்தார். மேனேஜர் ஆபீசில் மேல்தாளை வாங்கிக்கொண்டு அடித்தாளில் 'பெற்றுக்கொண்டோம்' என்று மில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அன்று முழுவதும் நான் யாரிடமும் கத்தவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஒரே மாதம்தான். பதிலிகளைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள். நிரந்தர ஆட்களுக்கு 'உடல் தகுதி இல்லை' என்று கடிதம் போனது. அவர்கள் பக்கம் சங்கம் நின்றது, பேச்சுவார்த்தை நடந்தது, சிலருக்கு ஏதோ கிடைத்தது. பதிலிகளுக்குக் கடிதம்கூட இல்லை. சங்கு ஊதியதும் வந்து நின்றவர்களிடம் வாட்ச்மேன், "ஒனக்கு வேலை இல்ல, போ" என்றார். அவ்வளவுதான். மற்ற மில்களுக்கும் அந்தப் பெயர்கள் போயிருந்தன. அவர் நான்கு மில் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். நான்கிலும் பெயரைக் கேட்டதும் கதவு மூடியது.

பட்டியல் எங்கிருந்து போனது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. டிஸ்பென்சரி சீட்டிலிருந்து போனது என்றார்கள். மேஸ்திரி காட்டிக்கொடுத்தார் என்றார்கள். என் பெட்டியிலிருந்து போனது என்றும் சிலர் சொன்னார்கள். மேனேஜரிடம் ஓடினேன். மூன்று முறை போனேன், மூன்று முறையும் ஆள் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். கிளப்பில் பேசக் கூப்பிடவும் இல்லை.

ஒரு மதியம் அவர் வந்தார். துண்டு தலையில் இல்லை, கையில் இருந்தது. உட்காரவில்லை.

"டாக்டரய்யா, ஒங்கள ஒண்ணும் சொல்ல வரல. எங்க இருந்து போச்சுன்னு எனக்குத் தெரியாது. பேண்டேஜ் துணி நெய்யுத எடத்துல ஒரு வேலை சொல்லியிருக்காக. அந்த மொதலாளியும் மில்லுக்காரகளோட பழக்கமுள்ள ஆளு. பெட்டியில என் பேரு இருக்குல்ல?"

"இருக்கு."

"அத அழிச்சிருங்க. எனக்குச் சீக்குன்னு இந்த ஒலகத்துல எங்கயும் எழுதியிருக்கக் கூடாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான்தான் கொடுத்தேன், நல்லது என்று நினைத்துக் கொடுத்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அடித்திருப்பார், அல்லது சிரித்திருப்பார். நான் திரையை அவர் பக்கம் திருப்பி, பெயரை வரவழைத்து, ஒரு பொத்தானை அமுக்கி அழித்துக் காட்டினேன். பச்சை எழுத்துகள் போன இடத்தில் வெறும் கறுப்பு. "போயிருச்சா?" என்றார். "போயிருச்சு" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இருக்கிறதே, சண்டாளன் நான், அதையும் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அவர் வரவில்லை. ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தேன். வடம் பிடித்தவர்களின் நடுவில் நின்றிருந்தார். எல்லாரும் இழுக்க, இவர் வடத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு இல்லாமல்தான் இழுக்கவில்லை என்று ஒரு டாக்டருக்குத் தோன்றவில்லை.

தேர் நிலைக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது. ஊர் கூமாப்பட்டி என்றாள். கார்டிங்காரரின் மனைவி என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் எப்போதும் மில்லிலிருந்து தனியாகத்தான் வருவார், மனைவியை நான் கண்டதில்லை.

"என்னம்மா செய்யுது?"

"நெஞ்ச அமுக்குதுங்கய்யா. நடந்தா மூச்சு வாங்குது. வெளியிலருந்து காத்து உள்ள போவுது, போனது வெளிய வரமாட்டேங்குது."

அவ்வளவு துல்லியமாக நோயாளிகள் சொல்லமாட்டார்கள். நான் திரையைப் பார்த்து அடித்துக்கொண்டே கேட்டேன். எவ்வளவு நாளாக, எப்போது அதிகம், சளி உண்டா என்று கட்டத்துக்குக் கட்டம். அட்டை இருந்த காலத்தில் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கடைசியில் எழுதுவேன். இப்போது கண் திரையில், காதுதான் ஆளிடம். ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆஸ்துமாவில் அப்படியும் இருக்கும், வருகிற நேரத்தில் வரும் என்று நினைத்துக்கொண்டு மாத்திரை எழுதினேன்.

அடுத்த வாரம் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். இயந்திரத்தில் ஒரு வசதி இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போன தடவை எழுதிய மருந்து அப்படியே மறுபடி வரும். அதை அமுக்கினேன். பாய் சன்னலில் மருந்தைக் கொடுத்தார். இரண்டு மூன்று மாதம் இப்படியே ஓடியது.

பாயின் மகளுக்குப் பிரசவம், தென்காசிக்குப் போயிருந்தார். அந்த வாரம் திங்கட்கிழமை அவள் வந்தாள். அன்று நல்ல கூட்டம், கரண்ட் வேறு போய்விட்டது. திரை இல்லாததால் அவள் முகத்தைப் பார்த்தேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். நன்றாக இருந்தாள். படியேறி வந்தவளுக்கு மூச்சே வாங்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டேன். குழந்தையின் நெஞ்சு மாதிரிச் சுத்தமாக இருந்தது.

"எங்கம்மா மூச்சு வாங்குது?"

"இப்ப இல்லீங்கய்யா. ராத்திரியெல்லாம் ஒக்காந்தே இருக்க வேண்டியிருக்கு. மாத்திரைய இன்னுஞ் செத்தக் கூட்டிக் குடுங்க."

"உனக்கு ஒண்ணுமே இல்ல. யார் சொல்லிக் கொடுத்து வர்றே? சீக்குன்னு சர்டிபிகேட் வாங்கணுமா? நிஜமான நோயாளி வெளியில உட்கார்ந்திருக்கான், என் நேரத்தைப் பாழாக்காதே!"

வெளியே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் பழைய மருந்துச் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. அழுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். பழைய மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். கரண்ட் வந்ததும் அவள் பெயரை எடுத்து, 'நெஞ்சு சுத்தம், நோய் எதுவும் இல்லை' என்று அடித்தேன். நல்ல டாக்டரின் வேலையைச் செய்துவிட்ட திருப்தி.

பாய் அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பினார். நேரே வீட்டுக்குப் போகாமல் கிளினிக்குக்கு வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கார்டிங்காரரு போயிட்டாரு சார்."

"எங்க போயிட்டார்?"

"மவுத்தாயிட்டாரு. ஞாயித்துக்கெழம விடியல்ல. செவுத்துல சாஞ்சு ஒக்காந்தபடியே போயிருச்சாம் உசுரு. பஸ் ஸ்டாண்டுல சொன்னாக."

நான் எழுந்துவிட்டேன். "முட்டாள் ஆளு! அவ்வளவு முத்தினவன் ஏன் பாய் என்கிட்ட வரலை? அழிச்சுத்தானே கொடுத்தேன்!"

பாய் பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "வந்துக்கிட்டுத்தான சார் இருந்தாரு. வாராவாரம் வந்த அந்தக் கூமாப்பட்டிப் பொண்ணு அவரு சம்சாரந்தான். புருசன் படுத பாட்ட மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்து தனக்குன்னு சொல்லும். ஒங்க கை மருந்துதான் அவருக்குக் கேக்குமாம். கைராசியாம். வேற டாக்டருட்டப் போகமாட்டேன்னுட்டாராம். பேரு பெட்டியில ஏறிருமேன்னு இங்கயும் வரமாட்டாரு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். சன்னல்ல வந்து எங்கிட்டச் சொல்லிச்சு. நான் கூட ரெண்டு மாத்திரை சேத்துப் போட்டுக் குடுப்பேன்."

"ஏன் பாய் எங்கிட்டச் சொல்லலை? ஏன் சொல்லலை?" கத்தவில்லை.

"சொன்னா ஏத்திருவீகளே சார்" என்றார். "அந்த முக்கோணத்த நீங்க அடிக்காம விட்டதுலருந்தே எனக்குப் பயந்தான்."

பட்டியலைக் கொடுத்தது நான்தான் என்று பாய்க்குத் தெரியுமா தெரியாதா என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த ஆறு வருடத்திலும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று போனவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது பழைய மாதிரி வேடிக்கையாகப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

நாற்பது நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். நெற்றியைப் பார்க்க முடியாமல் நான் மேசையைப் பார்த்தேன். திட்டப்போகிறாள், நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. சங்கத்து வக்கீல் சொன்னாராம், மில்லில் வேலை பார்த்த காலத்திலேயே அவருக்கு இந்தச் சீக்கு இருந்தது என்று டாக்டர் எழுத்து ஒன்று இருந்தால் மில்மேல் கேஸ் போடலாமாம். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பத்தாவது. கேஸ் நின்றால் அவளைத் தொடர்ந்து படிக்க வைக்கலாம், இல்லாவிட்டால் தான் இப்போது வேலை பார்க்கும் பேண்டேஜ் பட்டறைக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றாள். அந்தப் பட்டறையிலும் தூசிதான்.

"மில்லுல இருக்கையில ஒங்ககிட்டத்தானய்யா காட்டிக்கிட்டு இருந்தாவ. பெட்டியில இருக்கும்ல?"

"இல்லம்மா. அவரே வந்து அழிக்கச் சொல்லிட்டார்."

"பழைய அட்டை?"

"கொளுத்திட்டோம்."

எழப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "என் பேர்ல இருக்குல்லய்யா? மூச்சு வாங்குதுன்னு நான் சொன்னதெல்லாம் அவியளோடதுதான். அத அப்படியே அவிய பேருக்கு மாத்தி எழுதித் தாங்களேன்."

பெண், வயது முப்பத்து நான்கு, நெஞ்சு சுத்தம், நோய் எதுவும் இல்லை. அதை எந்தக் கோர்ட்டில் கொடுப்பது? அதுவும் அவர் மில்லை விட்ட பிறகு எழுதியது. "அது செல்லாதும்மா" என்றேன்.

செல்லக்கூடியது ஒன்று இருந்தது. என் முழங்காலுக்கு நேரே, பூட்டிய இழுப்பறைக்குள் இருந்தது. பதினேழாவது வரியில் அவர் பெயர், கார்டிங், பதினான்கு வருடம், நோய், வந்த வெள்ளிக்கிழமைகள் அத்தனையும். கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே மில்லின் முத்திரை. மில்லுக்கு எல்லாம் தெரியும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதை எடுத்துக் கொடுத்தால் கேஸ் நிற்கும். எடுத்துக் கொடுத்தால் முப்பத்தொரு பேரைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று மறுநாள் ஊருக்கே தெரியும். கிளினிக் வாசலில் ஒரு செருப்புக்கூட இருக்காது. இருந்தால் அது என்மேல் விழுந்ததாக இருக்கும்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கையைப் பையில் விட்டேன். சாவியைத் தொட்டேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா எடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"சரிங்கய்யா" என்று எழுந்தாள். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "அப்ப என் பேரையும் அழிச்சிருங்க. நாளைக்கு எனக்கும் பட்டறையில வேலை இருக்கணும்ல."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். பெயரை வரவழைத்து அழித்தேன். போயிற்றா என்று அவள் கேட்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். படியில் இறங்கும்போது இரண்டு தடவை இருமினாள், இந்தத் தடவை எனக்காக இல்லை.

கிளினிக்கை மூடி வருடங்களாகிவிட்டன. அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேசையை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இழுப்பறைத் தாளில் கார்பன் எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் பதினேழாவது பெயரை இப்போதும் படிக்க முடிகிறது.